கூடைக்கயிறும் கூந்தலும்

(ஹாலிஎல நகரில் தோட்டப் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பெண்ணுக்கு எப்படிப்பட்ட நாள் என்று எனக்குத் தெரியும். வாரம் முழுக்கச் சேர்ந்த உடுப்பு பீலியடிக்குப் போக வேண்டும். விறகு பொறுக்க வேண்டும். பதுளைச் சந்தைக்குப் போய்வர வேண்டும். பிள்ளைகளின் தலையில் பேன் பார்க்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ரொக்கத்தென்னவிலிருந்தும் உனுகல்லவிலிருந்தும் தெமோதரைப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "சம்பளப் பிரச்சினை இருக்கு, காணிப் பிரச்சினை இருக்கு, லயத்துக் கூரை ஒழுகுது, இப்போ போய் முடி கொட்டுறதுக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை. கிளினிக்கில் நான் வேலை செய்த காலத்தில் பிரஷர் பார்க்க வந்த அக்காமாரும், பிள்ளைக்கு ஊசி போட வந்த தங்கச்சிமாரும், வந்த வேலை முடிந்து எழும்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மிஸ், முடி கொத்துக் கொத்தா வருது, ஏதாவது நல்ல எண்ணெய் இருக்கா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் எத்தனையோ பேருக்குக் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பே இருக்காது, வெளுத்துக் கிடக்கும். எண்ணெய் கேட்டு வந்தவருக்கு உண்மையில் தேவைப்பட்டது இரத்தம்.

தோட்டத்தில் உழைக்கும் பெண்ணின் முடிக்குப் பெரிய கேடு செய்பவை இரண்டு. ஒன்று, தலையில் ஏறுகிற கூடைக்கயிறு. மற்றது, இரத்தத்தில் இல்லாத இரும்பு. இரண்டுக்கும் கடையில் போத்தல் கிடையாது. நான் சொல்ல வந்தது இதைத்தான். எண்ணெய், ஷாம்பு, சலூன் பற்றியும் பேசுவேன். ஆனால் அவை அடுத்த வரிசையில் இருக்க வேண்டியவை.

முதலில் ஒரு சோதனை சொல்லித் தருகிறேன். வீட்டுக்குப் போனதும் சீப்பில் சிக்கியிருக்கிற முடியைச் சுருட்டி எறிந்துவிடாமல் ஒரு வெள்ளைக் கடதாசியில் வைத்து, வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். சில முடி முழு நீளத்துக்கு இருக்கும். அதன் ஒரு முனையில் கடுகைவிடச் சிறியதாக ஒரு வெள்ளை முடிச்சு ஒட்டியிருக்கும். அது வேரிலிருந்து கழன்று வந்த முடி. வேறு சில இரண்டு அங்குலம், மூன்று அங்குலத் துண்டுகளாக இருக்கும். எந்த முனையிலும் வெள்ளை முடிச்சு இருக்காது. ஒரு முனை இரண்டாகப் பிளந்தும் இருக்கலாம். அது நடுவிலே முறிந்த முடி. தலையில் இருக்கிற ஒரு நீள முடியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக உருவிப் பாருங்கள். அங்கங்கே சிறு தடிப்பு தட்டுப்பட்டால், அடுத்து முறியப்போவது அந்த இடத்தில்தான்.

முறிகிற முடிக்கான காரணம் வெளியில் இருக்கும்: கயிறு, சீப்பு, சவர்க்காரம், சூடு, சலூன் மருந்து. வேரோடு வருகிற முடிக்கான காரணம் பெரும்பாலும் உடம்புக்குள்ளே இருக்கும். நம் பெண்கள் பலருக்கு இரண்டும் ஒன்றாக நடக்கிறது. அதனால்தான் ஒரே மருந்தைத் தேடி அலைகிறவர்களுக்குப் பலன் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் கிட்டத்தட்ட 1,00,000 முடி இருக்கிறது. நூறு போனதற்கு யாரும் கலங்க வேண்டியதில்லை.

முடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை விஷயம் ஒன்று உண்டு. உயிர் இருப்பது தோலுக்குள்ளே, வேரில் மட்டும்தான். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி கெரட்டின் என்கிற புரதம். அதற்கு உயிர் கிடையாது. மாதத்துக்கு ஒரு சென்ரிமீட்டர் அளவில் அது வெளியே வருகிறது. இடுப்பு வரை முடி வைத்திருக்கிற அக்காவின் பின்னல் நுனியில் இருக்கிற முடி, ஐந்து வருடத்துக்கு முன் அவர் தலையிலிருந்து முளைத்தது. ஐந்து வருட வெயிலும் மழையும் சீப்பும் அந்த நுனியில் இருக்கிறது. அங்கே பிளவு விழுந்துவிட்டால் உடம்பால் அதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் அந்த இடத்துக்கு இரத்தம் போவதில்லை. "சேதமான முடியைத் திருத்தும்" என்று போத்தலில் எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் மேலே ஒரு பூச்சுப் பூசி, அடுத்த குளிப்பு வரைக்கும் வழுவழுப்பாகக் காட்டுகிற வேலைதான்.

இங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறது: கவ்வாத்து வெட்டினால் தேயிலை தழைப்பதுபோல, நுனியை வெட்டிவிட்டால் முடியும் வேகமாக வளரும் என்று. தேயிலைச் செடியில் வெட்டிய இடத்துக்குக் கீழே உயிருள்ள மொட்டு காத்திருக்கிறது. முடியில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் பிளந்த நுனியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அங்குலம் வெட்டிவிடச் சொல்வேன். பிளவு மேலே ஏறி நல்ல முடியையும் கெடுக்காமல் இருக்கும். வளர்ச்சிக்கான வேலையை வேரில்தான் செய்ய வேண்டும்.

இனி, கயிறு.

நீங்கள் தினமும் செய்கிற வேலையை உங்களுக்கே விளக்கத் தேவையில்லை. ஆனால் தலையின் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்போம். கொழுந்துக்கூடை முதுகில் தொங்குகிறது. அதன் பாரம் கயிறு வழியாக உச்சந்தலையில் இறங்குகிறது. காலையில் வெறுங்கூடையாக ஏறியது, நிறுவைக்கு வரும்போது நிறைந்து கனக்கிறது. நாளுக்கு 18 கிலோ, அதற்கும் மேல் என்று கேட்கிற தோட்டத்தில் அந்தக் கனம் எவ்வளவு என்று உங்கள் கழுத்து சொல்லும். மழை நாளில் கொழுந்தும் நனைந்து, கூடையும் நனைந்து, கயிறும் நனைந்திருக்கும். மலை ஏறும்போது குனிகிறீர்கள், நிமிர்கிறீர்கள், செடிக்குச் செடி திரும்புகிறீர்கள். ஒவ்வொரு அசைவிலும் அந்தக் கயிறு முடியை இப்படியும் அப்படியும் உராய்கிறது, பின்பக்கமாக இழுக்கிறது. இது நாள் முழுக்க, வருடக்கணக்காக, அதே இடத்தில் நடக்கிறது.

நாற்பது வயது தாண்டிய அக்காமார் தலைத்துணியை எடுத்துவிட்டு உச்சியைத் தடவிப் பாருங்கள். கயிறு உட்காருகிற இடத்தில், காதிலிருந்து காதுக்குப் போகிற ஒரு பட்டையில், முடி மெலிந்து தோல் வழுவழுப்பாகக் கையில் தட்டுப்படும். சிலருக்கு முடி முழுக்கப் போய்விடவில்லை. குட்டை குட்டையாக நிற்கும். அது முறிவு. சிலருக்குத் துளைகூடத் தெரியாமல் பளபளப்பாகிவிட்டிருக்கும். அங்கே வேரே அழிந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிக முக்கியமானது. குட்டை முடி நிற்கிற தலையில் இழுவையை நிறுத்தினால் முடி திரும்பி வரும். பளபளத்துப்போன இடத்தில் எந்த எண்ணெயும் முடியைக் கொண்டுவராது. இளம் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்: இந்தக் கேட்டைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும்.

இழுவையால் முடி போவது நமக்கு மட்டும் நேர்கிற காரியமும் இல்லை. 1907 இலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் முடியை உச்சிக்கு இழுத்து இறுக்கிக் கட்டுகிற வழக்கம் உள்ளவர்கள். நெற்றியோரம் முழுக்க முடி போயிருந்தது. அங்கே கூடை கிடையாது, வெறும் கட்டுத்தான். அதற்கே அப்படி என்றால், கட்டின் மேல் கயிறும் கயிற்றின் கீழ் பாரமும் உள்ள தலையின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒல்லிக் கயிற்றை நேராகத் தலையில் வைக்காதீர்கள். தலையில் ஏறுகிற பகுதியில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டை தைத்துவிடுங்கள். பழைய பருத்திச் சேலையை நாலைந்து மடிப்பாக மடித்து, நடுவில் தையல் போட்டுப் பட்டையாக்கலாம். அதே பாரம் அகலமான இடத்தில் பரவும்போது ஒரு முடியின் மேல் விழுகிற இழுவை குறைகிறது. கயிறுக்கும் முடிக்கும் நடுவில் போடுகிற தலைத்துணி வழுக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. சொரசொரப்பான சாக்குத் துண்டோ பிளாஸ்டிக் ரெட்டோ நேராக முடியில் பட வேண்டாம். கயிற்றை ஒரே கோட்டில் வைக்காமல், காலையில் கொஞ்சம் முன்னே, பிற்பகலில் கொஞ்சம் பின்னே என்று இடம் மாற்றிப் போடுங்கள். கொண்டையைக் கயிற்றுக்குக் கீழே இறுக்கி வைக்காமல், பிடரிப் பக்கத்தில் தளர்வான பின்னலாக விடுங்கள். லயத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். படுக்கும்போதும் இறுக்கிக் கட்டாதீர்கள்.

பட்டை தைத்துப் போடுவதைத் தனித்தனிப் பெண்ணின் வேலையாக மட்டும் விட்டுவிடவும் கூடாது என்பது என் அபிப்பிராயம். கூடை தோட்டத்தின் வேலைக்கான கருவி. அந்தக் கருவி உடம்பைக் காயப்படுத்தினால் அதை மாற்றிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. பாரம் குறைந்த கூடை, அகலப் பட்டை, கூடுதல் தடவை நிறுவை என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. மாதர் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளம் பேசப் போகும்போது இதையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். கழுத்து வலி, தோள் வலி எல்லாம் இதே கயிற்றோடு வருகிறவைதான்.

கயிற்றோடு சேர்ந்து வேலை செய்வது ஈரம். நனைந்த முடி காய்ந்த முடியைவிடப் பலவீனமானது. தண்ணீர் உள்ளே போனதும் கெரட்டினுக்குள் இருக்கிற பிணைப்புகளில் ஒரு பகுதி விட்டுப்போகிறது. முடி இழுபடுகிறது, அப்படியே முறிகிறது. வருடக் கடைசி மழைக்காலத்தில், நனைந்த தலையை அப்படியே இறுக்கிக் கட்டிக்கொண்டு மாலை வரை மலையில் நிற்கிற பெண்ணின் முடிக்கு இதைவிடக் கேடு கிடையாது. அதற்கு நேர்மாறான கேடு ஆடி, ஆவணியில் வருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காய்ந்த கச்சான் காற்றால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் தனிப் பெயரும். அந்தக் காற்று கொழுந்தை மட்டும் காயவைப்பதில்லை. தலையையும் சேர்த்து வறட்டுகிறது. அந்த மாதங்களில் முடியை மூடிக் கட்டுங்கள், எண்ணெயைக் குறைக்காதீர்கள். மழை மாதங்களில், ஈரத் தலையைச் சீப்பால் இழுக்காதீர்கள். முதலில் துணியால் ஒற்றி, விரலால் சிக்கெடுத்து, பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். உச்சியிலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பதுதான் நம்மில் பலரின் பழக்கம். அந்த ஓர் இழுப்பில் பத்து முடி போகும்.

இனி இரத்தத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும், ஏனென்றால் இதுதான் பெரியது.

முடியின் வேர் உடம்பிலேயே மிக வேகமாக வேலை செய்கிற இடங்களில் ஒன்று. உடம்பில் பற்றாக்குறை வந்தால் இருதயத்துக்கும் மூளைக்கும் போகிற பங்கை உடம்பு குறைக்காது; முடியின் பங்கில்தான் கைவைக்கும். இரும்புச்சத்து குறைந்த பெண்ணின் உடம்பில் வேர்கள் பல ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடக்கூடும். அப்படி ஓய்வுக்குப் போன வேரின் முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்தாகக் கையோடு வரும். அந்த நேரத்தில் நாம் போன வாரம் மாற்றிய சவர்க்காரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

நம் தோட்டப் பெண்களின் இரத்தக் குறைவு உலக மருத்துவத்தில் பதிவான ஒன்று. 1979 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்ஜர்ட்டன், கார்ட்னர் என்கிற ஆய்வாளர்களும் இலங்கை மருத்துவர் சேனவிரத்னவும் மற்றவர்களும் சேர்ந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் செய்தது. இரத்தம் குறைந்த பெண்களுக்கு இரும்புச்சத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியதும் அவர்கள் பறித்த கொழுந்து கூடியது. வேலை முடிந்த பிறகும் அவர்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாக நடமாடினார்கள். "சோம்பேறி" என்று கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய எத்தனை பெண்கள் உண்மையில் இரும்பில்லாமல் களைத்திருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் பொறுப்பதில்லை. அந்த ஆய்வு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் தோட்டத்துச் சாப்பாட்டுக் குறை தீர்ந்துவிடவில்லை. 2016 இல் நடந்த தேசியக் குடிசன, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுக்க 17 சதவீதம் என்றால், தோட்டப்புறத்தில் 32 சதவீதம். தாயின் உணவும் பிள்ளையின் உணவும் ஒரே அடுப்பில் வேகிறவை.

இரும்பு எங்கே போகிறது? மாதவிடாயில் போகிறது, பிள்ளைப்பேறுகளில் போகிறது. ஒரு காலத்தில் கொக்கிப்புழு குடித்துக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு மலையில் நிற்கிறவர்களின் பாதத்தோல் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிற புழு அது. இலங்கைத் தோட்டங்களில் அதை ஒழிக்க ரொக்பெல்லர் நிறுவனம் 1916 இலேயே வேலை தொடங்கியது. இன்று மலசலகூடமும் பூச்சி மருந்தும் வந்து அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்தைத் தவறவிடாதீர்கள். மலைக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள்.

இரும்பு எப்படி உள்ளே வராமல் போகிறது என்பது இன்னும் கிட்டத்தில் இருக்கிற விஷயம். கோதுமை மா ரொட்டி, அதோடு சுடச்சுடத் தேத்தண்ணி. நம் காலை உணவு அது. மலையில் பத்து மணிச் சாப்பாடும் அது. தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் இருக்கிற தாவர இரும்பைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. 1999 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாண் சாப்பாட்டோடு குடித்த தேத்தண்ணி இரும்பின் பெரும் பங்கைத் தடுத்துவிட்டது. பால் சேர்த்தாலும் இதில் பெரிய மாற்றமில்லை. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற கை, தன் சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் அந்தத் தேயிலைக்கே இழக்கிறது.

தேத்தண்ணியை விட்டுவிடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. குளிரில் நிற்கிற மனுசிக்கு அது வேண்டும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள், அது போதும். ரொட்டியோடு தண்ணீர் குடியுங்கள். சம்பலில் தேசிக்காய்ப் புளியைத் தாராளமாக விடுங்கள். பச்சைக் கொச்சிக்காய், கொய்யா, நெல்லிக்காய் எல்லாவற்றிலும் இருக்கிற விற்றமின் சி, இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். லயத்துக்குப் பின்னால் கொய்யா பழுத்து விழுந்து கிடக்க, சந்தையில் காசு கொடுத்து அப்பிள் வாங்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, பருப்பு, கௌபி, பயறு ஆகியவை கறிப்பானையில் மாறி மாறி இருக்கட்டும். மீனிலும் இறைச்சியிலும் இருக்கிற இரும்பு இவற்றைவிட எளிதாகச் சேரும். ஒரு கைப்பிடி நெத்தலியை வறுத்துச் சம்பலில் போடுவது வீணான செலவு ஆகாது. முடி என்பதே புரதம் என்றேன். முட்டையும் பருப்பும் அந்தப் புரதத்துக்கும் உதவுகின்றன. வீட்டில் முட்டை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது கணவனுக்கோ மகனுக்கோ போகிறது என்பதையும் நான் அறிவேன். அதைப் பாதியாகவாவது பிரியுங்கள். பெண்பிள்ளைக்கு வயதுக்கு வந்த காலத்தில் கொடுக்கிற முட்டையும் உளுந்தும் அந்தச் சில நாட்களோடு நின்றுவிடக் கூடாது. இரத்தம் அவளுக்கு மாதாமாதம் போகிறது.

சாப்பாட்டால் மட்டும் சரிவராத அளவுக்கு இரத்தம் இறங்கியிருந்தால் குளிசை வேண்டும். அதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவான ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தசோகை. கர்ப்பிணிக்கு அந்த எல்லை 11. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்கிற பரிசோதனை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முடி உதிர்வதைச் சொல்லும்போது களைப்பு, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது, மாதவிடாய் அதிகமாகப் போவது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தைரொய்ட் குறைவிலும் முடி கொட்டும், உடம்பு கனக்கும், குளிர் தாங்காது. டொக்டர் அதையும் பார்ப்பார். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் குளிசையும் வீண். தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகும் டொக்டர் சொல்கிற மாதங்களுக்குத் தொடருங்கள். சேமிப்பு நிரம்ப வேண்டும். குளிசைப் போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சிறுபிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளை பெற்ற தங்கச்சிமாருக்குத் தனியாக ஒன்று. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் காலத்தைச் சரியாகக் கணித்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் விழாமல் நின்ற முடியெல்லாம் பேறு முடிந்து மூன்றாம் மாதமளவில் சேர்ந்து விழும். பிள்ளை சிரிப்பதும் அந்த நேரத்தில்தான். பிள்ளையின் சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முடி திரும்பிவிடும். அந்த நேரத்தில் கிளினிக்கில் தருகிற திரிபோஷா சத்துமாவைக் குடும்பம் முழுக்கப் பகிர்ந்து ஒரே நாளில் முடித்துவிடாமல் தாய் சாப்பிட வேண்டும். நெருப்புக் காய்ச்சல், டெங்கு, கொரோனா போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகும் இதே கணக்குத்தான்: மூன்றாம் மாதம் கொட்டும், பிறகு நிற்கும். 2022 இல் மா விலை ஏறி, ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்த வீடுகளில் சில மாதம் கழித்து முடி கொட்டியிருந்தால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் நல்லது; அதற்குச் சான்று இருக்கிறது. 2003 இல் ரெலே, மொஹிலே என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். குளிக்குமுன் பூசினாலும் பின் பூசினாலும், முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடிக்குள் ஊடுருவக்கூடியது. ஆனால் அது காப்பாற்றுவது இருக்கிற முடியை. புது முடியை முளைக்க வைப்பதில்லை. குளிர்காலத்தில் போத்தலுக்குள் உறைந்திருந்தால் உள்ளங்கையில் தேய்த்தாலே உருகும். அடுப்பில் கொதிக்க வைத்துத் தலையில் ஊற்ற வேண்டாம். குளிக்கப் போவதற்கு முந்தின இரவு, நடுமுடியிலிருந்து நுனி வரை பூசுங்கள். கரிசலாங்கண்ணி, நெல்லி, செவ்வரத்தம்பூ போட்டுக் காய்ச்சுகிற எண்ணெயையும் தாராளமாகப் பூசலாம். தலைக்குச் சுகமாக இருக்கும். இரும்பு இல்லாத குறையை அது நிரப்பும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பீலியில் உடுப்புத் துவைக்கிற சவர்க்காரத்தையே தலைக்கும் போடுகிற பழக்கத்தை விடுங்கள். அதில் காரம் அதிகம். முடியின் மேற்தோலைத் திறந்துவிடும், சொரசொரப்பாகிச் சிக்கு விழும். சின்னப் பைக்கற்று ஷாம்பு இரண்டு குளிப்புக்கு வரும், அது மேல். சவர்க்காரம்தான் இருக்கிறது என்றால் கடைசியில் ஒரு வாளித் தண்ணியில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து தலையை அலசுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சலூன் விஷயத்தில் நம் பெண்பிள்ளைகளைப் பார்த்து எனக்குக் கவலை உண்டு. கொழும்பில் கார்மன்ட் வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நீட்டிவிட்ட முடியோடு வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருக்க ஆசைப்படுவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்த மருந்து செய்வது, முடிக்குள் இருக்கிற மிக உறுதியான பிணைப்பை உடைத்து வேறு வடிவில் திருப்பிக் கட்டுவது. எல்லாம் திரும்பக் கட்டுப்படாது. அதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு தடவை, நடுவில் கலர், தினமும் சூட்டுக்கோல் என்று போனால் முடி முறியாமல் என்ன செய்யும்? சில மருந்துகளில் ஃபோர்மல்டிஹைட் வெளிவருகிறது; மூச்சுக்கு ஆகாது. கிளையொக்சிலிக் அமிலம் உள்ள நீட்டும் மருந்து சிறுநீரகத்தைப் பாதித்ததாக 2024 இல் மருத்துவ இதழில் செய்தி வந்தது. கர்ப்பமாக இருக்கும்போது இவற்றின் பக்கம் போக வேண்டாம். ஏற்கெனவே செய்துவிட்ட பிள்ளைகள் அழ வேண்டியதில்லை. மறுபடி செய்யாமல் விட்டு, மாதம் ஒரு சென்ரிமீட்டராக நல்ல முடி வர வர, கெட்ட நுனியை வெட்டிக்கொண்டே வாருங்கள்.

பார்மசியில் கேட்காமலே தருகிற பயோட்டின் குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயோட்டின் குறைபாடு மிக அரிது. அது இல்லாதவருக்கு அந்தக் குளிசையால் முடி வளர்வதற்குச் சரியான சான்று இல்லை. அதோடு தைரொய்ட் போன்ற இரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது தவறாகக் காட்டக்கூடும். எடுத்துக்கொண்டிருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். மினொக்சிடில் என்கிற மருந்து சிலருக்குப் பலன் தரும், முக்கியமாக வகிடு அகன்றுகொண்டே போகிற பெண்களுக்கு. தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாக விழலாம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் பலனும் நிற்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிற தாய்மாருக்கும் கூடாது. டொக்டரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. காசளவு வட்டமாக முடி போனால், தலைத்தோல் சிவந்து வலித்தால், சீழ் வைத்தால், பிள்ளையின் தலையில் செதிலோடு முடி முறிந்து வட்டமாகத் தெரிந்தால், எண்ணெய் பூசிக்கொண்டு நாளைக் கடத்தாமல் தோட்டத்து மருந்து வீட்டிலோ பதுளைத் தோல் கிளினிக்கிலோ காட்டுங்கள். பிள்ளையின் செதில் பூஞ்சணமாக இருந்தால் குடிக்கிற மருந்தே வேண்டும். மேலே பூசுவதால் மட்டும் போகாது, பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் தொற்றும்.

இன்று கயிற்றுப் பட்டை தைப்பதை இங்கேயே காட்டுவதற்காக இரண்டு பழைய சேலையும் ஊசி நூலும் கொண்டுவந்திருக்கிறேன். கேள்வி உள்ளவர்கள் இப்போது கேளுங்கள். வாங்கிவைத்த போத்தலையோ குளிசையையோ கையில் கொண்டுவந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து படித்துப் பார்ப்போம்.